வளைவில் வழுக்கும் பின்சக்கரம்

தமிழ்த்துறை மலரில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அறிவியலைத் தமிழில் எடுத்துரைப்பது தமிழாசிரியர்க்கும் உரிய கடமையே. நாள்தோறும் நம் கல்லூரி வாயிலில் வந்து நிற்கும் வண்டிகளின் வரிசையைக் கண்டோர்க்கு இதன் தேவை தானே விளங்கும். ஓட்டுநர் உரிமம் பெறும் நாளில் ‘எட்டு’ப் போட்டுக் காட்டுகிறோம். ஆனால், வளைவில் திரும்புகையில் பின்சக்கரம் வழுக்கினால் என்ன செய்வது என்பதை நம்மில் பெரும்பாலோர் கற்றதில்லை. கல்லாத கை அந்நொடியில் அச்சத்தின் ஏவல்படியே இயங்குகிறது. சிறு வழுக்கலைப் பெருவிபத்தாக்குவது பெரும்பாலும் அவ்வியக்கமே. இதன் காரண காரியங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிடிப்பும் வளைவும்

ஓடும் மோட்டார் சைக்கிள் இரண்டே இடங்களில்தான் சாலையைத் தொடுகிறது. ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. முன்னேறுதல், நிற்றல், திரும்புதல் ஆகிய மூன்றும் அவ்விரு உள்ளங்கைகளின் பிடிப்பையே நம்பியுள்ளன. இப்பிடிப்பு அளவுக்குட்பட்டது, மாதச் சம்பளம் போன்றது. ஒரு செலவு கூடினால் மற்றொன்றுக்கு மிஞ்சுவது குறையும். வளைவில் திரும்புவதற்கே பெரும்பகுதி செலவாகிவிட்ட வேளையில், வேகத்தைக் கூட்டவோ பிரேக் பிடிக்கவோ முனைந்தால் கையிருப்புப் போதாமல் டயர் வழுக்கத் தொடங்குகிறது.

ஒரு கணக்கைக் காண்போம். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவொன்றில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், வண்டியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பக்கவிசை தேவைப்படும். 30 கிலோமீட்டரில் அது எடையில் பத்தில் ஏழு பங்காகும். 40 கிலோமீட்டரிலோ எடையைப் போல் ஒன்றேகால் மடங்காகிவிடும். வேகம் இருமடங்கானால் தேவை நான்கு மடங்காகிறது என்பதே இதன் விதி. உலர்ந்த தார்ச்சாலையில் 30 கிலோமீட்டரில் கடக்கக்கூடிய வளைவை ஈரத்திலும் மணலிலும் அதே வேகத்தில் கடக்க இயலாது. 40 கிலோமீட்டரோ உலர்ந்த சாலையிலும் சாதாரண டயருக்குத் தாங்காது.

வழுக்கலின் காரணங்கள்

பின்சக்கரம் வழுக்குவதற்குரிய காரணங்களை நான்காகப் பகுக்கலாம். சாய்ந்த நிலையில் ஆக்சிலேட்டரை மிகுதியாக முறுக்குதல் முதலாவது. பின் பிரேக்கை அழுத்தி மிதித்துச் சக்கரத்தைப் பூட்டிக்கொள்ளச் செய்தல் இரண்டாவது. வளைவுக்குள் நுழைந்தபின் கியரைக் குறைத்துக் கிளட்சைச் சட்டென விடுதல் மூன்றாவது. இயந்திரமே அப்போது பிரேக்காகிச் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது. சாலையின் நிலை நான்காவது. சரளைக்கல், மணல், சிந்திய டீசல், நனைந்த வெள்ளைக்கோடு ஆகியவை இதில் அடங்கும். நீண்ட வெயிலுக்குப்பின் பெய்யும் முதல் மழை, சாலையில் படிந்த எண்ணெயையும் புழுதியையும் மேலெழச் செய்வதால் மிகுந்த எச்சரிக்கைக்குரியது.

இருவகை வீழ்ச்சி

வழுக்கிய பின்சக்கரம் மீண்டும் பிடிப்புப் பெறாவிடில், வண்டி சாய்ந்த பக்கமே படுத்துச் சறுக்கிச் செல்லும். இதனை ‘லோ சைடு’ என்பர். ஓட்டுபவர் தாழ்ந்த உயரத்திலிருந்து விழுவதால், எதிரில் வாகனமோ தடுப்போ இல்லையெனில் காயம் ஒப்பீட்டளவில் குறைவாக இருக்கும்.

மற்றொன்று ‘ஹை சைடு’. பின்சக்கரம் வெளிப்புறமாக வழுக்கிக்கொண்டிருக்கையில், அஞ்சியவர் ஆக்சிலேட்டரைச் சட்டென முழுதும் மூடிவிடுகிறார். அல்லது பிரேக்கிலிருந்து காலை வெடுக்கென எடுத்துவிடுகிறார். டயருக்குப் பிடிப்பு ஒரே நொடியில் திரும்பிவிடுகிறது. பக்கவாட்டில் சென்றுகொண்டிருந்த வண்டி திடீரெனத் தடுக்கப்பட்டு, சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் துள்ளி நிமிர்கிறது. அமுங்கிய சுருள்வில்லும் விரிந்து, அமர்ந்திருப்பவரைக் கவண்கல் போல் தூக்கி எறிகிறது. இருவகையுள் கொடியது இதுவே.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதற்கு ஒரு சான்று கூறலாம். மோட்டோ ஜிபி பந்தயத்தின் உயர்பிரிவில் 2019ஆம் ஆண்டுக்குள் ஆறு முறை உலக வாகையர் ஆனவர் ஸ்பெயின் நாட்டு மார்க் மார்க்கெஸ். 2020 ஜூலை 19 அன்று ஹெரெஸ் பந்தயத் திடலில் ‘ஹை சைடு’ முறையில் எறியப்பட்டு, வலது மேற்கை எலும்பு முறிந்தார். அவ்வாண்டின் எஞ்சிய பந்தயங்கள் எதிலும் அவரால் போட்டியிட இயலவில்லை. 2022க்குள் அக்கைக்கு நான்கு அறுவை மருத்துவங்கள் நடைபெற்றன. தேர்ந்த கையும், சக்கரச் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியும், தற்காப்பு உடையும் இருந்தும் நேர்ந்த கதி இது.

செய்யத்தக்கன

பின்சக்கரம் வழுக்குவதை உணர்ந்ததும், செல்ல வேண்டிய வழியின் மீதே பார்வையைப் பதிக்க வேண்டும். கண் சென்ற வழியே கையும் செல்லும். பள்ளத்தை நோக்கினால் வண்டியும் பள்ளத்தையே நாடும்.

முழங்கால்களால் பெட்ரோல் தொட்டியை இறுகப் பற்றி, ஹேண்டில்பாரை இறுக்காமல் பிடிக்க வேண்டும். மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறுசக்கரம் செல்லும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்துக்கும் அவ்வியல்பு உண்டு. பின்பகுதி விலகும்போது அது தானே திரும்பி வண்டியை நேர்ப்படுத்த முயலும். அதனை எதிர்த்துப் போராடாதிருத்தலே நாம் செய்யும் உதவி.

வழுக்கல் ஆக்சிலேட்டரால் வந்ததாயின், அதனைச் சிறிதளவு மட்டும் மெல்லக் குறைக்க வேண்டும்; முழுதும் மூடலாகாது. கியர் குறைத்ததால் வந்ததாயின் கிளட்சைப் பிடித்துச் சக்கரத்தை விடுவிக்க வேண்டும். மணலால் வந்ததாயின் வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும், இடமிருந்தால் வண்டியைச் சற்று நிமிர்த்திக் கடக்க வேண்டும். பின் பிரேக்கால் வந்ததாயின், வண்டி தடம் விலகத் தொடங்கும்போதே காலை மெல்லத் தளர்த்த வேண்டும். வெகுவாக விலகிய பின்னரோ, மிதித்தபடியே நிறுத்த முயல்வது தூக்கி எறியப்படுவதினும் மேலானது. எந்நிலையிலும் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தல் ஆகாது.

வருமுன் காத்தல்

ஆயினும், ஒரு நொடிக்குள் இவை அனைத்தையும் நினைவுகூர்ந்து செய்தல் அரிது. ஆதலின் உண்மையான தீர்வு வளைவுக்கு முன்னரே உள்ளது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகளும், கொல்லிமலைச் சாலையில் 70 வளைவுகளும் உள்ளன. அங்கும், நம் ஊர்த் தெருமுனையிலும் முறை ஒன்றே. வண்டி நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தையும் கியரையும் குறைத்துக்கொள்ள வேண்டும். வளைவினுள் சீராகச் செல்ல வேண்டும். வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரிந்து, வண்டி நிமிரத் தொடங்கிய பின்னரே வேகத்தைக் கூட்ட வேண்டும்.

கருவியை மட்டும் நம்புதலும் தகாது. இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதல் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. எனினும் ‘சிங்கிள் சேனல்’ ஏ.பி.எஸ். முன்சக்கரத்தையே காக்கும், பின்சக்கரம் அப்போதும் பூட்டிக்கொள்ளக்கூடும். ஆக்சிலேட்டரால் நேரும் வழுக்கலை எவ்வகை ஏ.பி.எஸ்.ஸும் தடுக்காது.

முடிவுரை

வளைவில் வண்டியைச் சாய்த்துக் காட்டுவது வீரமென்று எண்ணும் மாணவர்கள், பந்தயத் திடலில் எதிரே பேருந்து வருவதில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெற்றோரும் பெரியோரும் பிள்ளைகளிடம் வண்டியின் சாவியைத் தரும்போது தலைக்கவசத்தோடு மற்றொன்றையும் கேட்பது நலம்: பின் டயர் தேய்ந்துள்ளதா? காற்றுச் சரியாக உள்ளதா? பின்னால் தம்பியோ தங்கையோ அமர்ந்து செல்லும் வண்டியாயின் இக்கேள்வி இன்னும் இன்றியமையாதது. சில நிமிடங்களில் பார்த்துவிடக்கூடிய அவ்விரண்டிலும் இரு உயிர்களின் பிடிப்பு அடங்கியுள்ளது.