தீப்பற்றிய மேடை

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய கைப்பேசி இருக்கிறது. நோக்கியா 1100 என்பது அதன் பெயர். என் தந்தையார் கொத்தனார். விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் அவருக்கு, அதன் தலையில் இருந்த சிறு விளக்குதான் பல ஆண்டுகள் வழிகாட்டியது. சிமெண்டுக் கையோடுதான் எடுத்துப் பேசுவார். சாரத்திலிருந்து இரண்டு முறை கீழே விழுந்திருக்கிறது. கழன்ற மூடியை மாட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார் என்று அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த மாதிரி, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையானது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் உலகத்தில் எது நடந்தாலும் அதற்கு விளக்கம் என்னிடம் இருக்கும் என்று வீட்டில் நம்புகிறார்கள். சென்ற கோடை விடுமுறையில் தந்தையார் கேட்டார்: "ஏம்மா, இவ்வளவு நல்ல சாமான் செஞ்சவன் எப்படிம்மா கெட்டுப் போனான்?" எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், "காலம் மாறிப்போச்சுப்பா" என்று சமாளித்துவிட்டேன். பிறகு நூலகத்திலும் செய்தித்தாள்களிலும் தேடிப் படித்தபோதுதான், நான் சொன்ன விடை எவ்வளவு சோம்பேறித்தனமானது என்று விளங்கிற்று. அதைத் திருத்திக்கொள்ளவே இக்கட்டுரை.

நோக்கியா நேற்று முளைத்த நிறுவனமன்று. 1865-இல் பின்லாந்து நாட்டில் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கியது. காகிதம் செய்தது, பிற்காலத்தில் ரப்பர் காலணியும் மின்கம்பியும் அதன் குடையின்கீழ் வந்தன. 1992-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த யோர்மா ஒல்லிலா, மற்றத் தொழில்களை விட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றையே பற்றிக்கொள்வது என்று முடிவு செய்தார். 1998-இல் அமெரிக்காவின் மோட்டோரோலாவை முந்திக்கொண்டு உலகிலேயே அதிகமான கைப்பேசி செய்யும் நிறுவனமாயிற்று. ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலட்சம் மக்களே உள்ள ஒரு குளிர்நாட்டிலிருந்து இப்படி ஒரு நிறுவனம் எழுந்தது வியப்புக்குரியதே.

அதன் வீழ்ச்சியைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். 2007-இல் ஆப்பிள் நிறுவனம் தொடுதிரைக் கைப்பேசியைக் கொண்டுவந்தது, நோக்கியா தூங்கிவிட்டது, முடிந்தது கதை. இதை நான் ஏற்கவில்லை. தொடுதிரை உள்ள 7710 என்ற பேசியை நோக்கியா 2004-ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. லினக்ஸ் அடிப்படையில் இயங்கும் சிறு இணையக் கருவியை 2005-இல் விற்றது. அறிவுக்கும் ஆய்வுக்கும் அங்கே பஞ்சமில்லை. பணத்துக்கும் பஞ்சமில்லை. 2007-ஆம் ஆண்டில் உலகில் விற்ற திறன்பேசிகளில் ஏறத்தாழப் பாதி நோக்கியாவுடையவை.

பிறகு எங்கே கோளாறு? இங்கே 'இயங்குதளம்' என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும். கைப்பேசியின் திரை, ஒலிபெருக்கி, நினைவகம் ஆகிய உறுப்புகளையெல்லாம் ஏவல் கொண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். மற்ற மென்பொருள்கள் அதன் மேல்தான் நிற்கும். எங்கள் வீட்டு மொழியில் சொன்னால் அது அஸ்திவாரம். நோக்கியாவின் அஸ்திவாரத்துக்குச் சிம்பியன் என்று பெயர். நினைவகமும் மின்கல ஆற்றலும் குறைவாயிருந்த காலத்தில், அவற்றைத் துளித்துளியாகச் சிக்கனப்படுத்த எழுதப்பட்டது அது. அந்த வேலையை நன்றாகவே செய்தது. ஆனால் விரலால் தள்ளவும் இழுக்கவும் படங்கள் ஓடவும் வேண்டிய காலம் வந்தபோது, ஓட்டு வீட்டுக்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் மூன்று மாடி எழுப்புவது போலாயிற்று. சிம்பியனுக்கு மென்பொருள் எழுதுவது கடினமாக இருந்ததால், வெளியிலிருந்து எழுதித்தர முன்வந்தவர்களும் ஆப்பிளையும், 2008-இல் கடைக்கு வந்த ஆண்ட்ராய்டையும் நாடிப் போனார்கள்.

சிம்பியனால் ஆகாது என்பது அங்கிருந்த பொறியாளர்களுக்குத் தெரியாதா? தெரிந்திருந்தது. இதுதான் என்னைத் தூங்கவிடாத செய்தி. டிமோ வுவோரி, குய் ஹுய் என்னும் இரு ஆய்வாளர்கள் நோக்கியாவின் மேலாளர்கள், பொறியாளர்கள் உட்பட 76 பேரைக் கண்டு பேசி, 2016-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மேலே இருந்தவர்கள் போட்டி நிறுவனங்களையும் பங்குதாரர்களையும் எண்ணி அஞ்சினார்கள். நடுவில் இருந்தவர்கள் மேலே இருந்தவர்களை எண்ணி அஞ்சினார்கள் என்பது அவர்கள் கண்டது. "விரைவில் முடியுமா?" என்று மேலே கேட்டால், "முடியும்" என்று நடுவிலிருந்து பதில் போயிற்று. முடியாது என்று சொன்னவர் திறமையற்றவராகக் கருதப்படும் நிலை. ஆகவே மேலே இருந்தவர்கள் கையில் இருந்த கணக்கு வேறு, கீழே நடந்த வேலை வேறு.

இதைத் தந்தையாரிடம் சொன்னபோது அவர் வியக்கவேயில்லை. "சுவர் சாயுதுன்னு சித்தாள் சொன்னா மேஸ்திரி தூக்குக்குண்டை எடுத்துப் பாக்கணும். சித்தாள் மேல பாஞ்சா, அப்புறம் எவனும் சொல்ல மாட்டான்" என்றார். ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் வெற்றிலை மடிக்கும் நேரத்தில் சொல்லிவிட்டார் என்று எனக்குப் பெருமை. ஆய்வாளர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் எழுதாவிட்டால் நான் அவரிடம் இதைப் பேசியிருக்கவே மாட்டேன்.

2010 செப்டம்பரில் நோக்கியாவின் இயக்குநர் குழு ஒரு முடிவு எடுத்தது. பின்லாந்தைச் சேராத ஒருவரை முதன்முறையாகத் தலைமைக்கு அழைத்தது. மைக்ரோசாப்டில் உயர் பதவியில் இருந்த கனடா நாட்டவரான ஸ்டீபன் ஈலாப் என்பவர் அவர். 2011 பிப்ரவரியில் ஊழியர்கள் அனைவருக்கும் அவர் ஒரு மடல் எழுதினார். வடகடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை செய்யும் ஒருவன், நள்ளிரவில் வெடிச்சத்தம் கேட்டு விழிக்கிறான். சுற்றிலும் தீ. நின்றால் எரிந்து சாக வேண்டும். குதித்தால் உறையும் கடல். அவன் குதித்தான். நம் மேடையும் எரிகிறது, நாமும் முடிவு செய்தாக வேண்டும் என்பது மடலின் சாரம். சில நாட்களில், பிப்ரவரி 11-ஆம் நாள், இனி நோக்கியாவின் திறன்பேசிகள் மைக்ரோசாப்டின் விண்டோஸ் போன் இயங்குதளத்தில் வரும் என்று இலண்டனில் அறிவிக்கப்பட்டது.

மடல் வெளியே கசிந்தது. உலகப் பத்திரிகைகள் அனைத்தும் வெளியிட்டன. துணிச்சலான தலைவர் என்று சிலர் கொண்டாடினார்கள். உண்மையை உள்ளே மறைத்து வைத்த ஒரு நிறுவனத்தில், ஒருவராவது உரக்கச் சொன்னாரே என்று எனக்கும் முதலில் தோன்றிற்று. ஆனால் அந்த உண்மை யார் காதில் விழுந்தது என்று பாருங்கள். உள்ளே பல ஆண்டுகள் மெல்லச் சொல்லியிருக்க வேண்டியதை, வாங்க வந்தவன் காதில் விழும்படி ஒரே நாளில் கூவியாயிற்று.

மாட்டுச் சந்தையில் ஒருவர் தம் மாட்டைப் பிடித்துக்கொண்டு, "இது தேறாது, தை பிறந்ததும் நல்ல மாடு கொண்டு வருவேன்" என்று கூவினால் அன்றைக்கு அந்த மாட்டை யார் கேட்பார்? முதல் லூமியா பேசி கடைக்கு வந்தது 2011 நவம்பரில். இடையில் ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதமும் விற்க வேண்டியது, முதலாளியே தேறாது என்று சொன்ன சிம்பியனைத்தான். 2010-இன் கடைசி மூன்று மாதங்களில் 2 கோடியே 83 இலட்சம் திறன்பேசிகளை விற்ற நோக்கியா, 2012-இன் கடைசி மூன்று மாதங்களில் விற்றது 66 இலட்சம். கணிப்பொறித் துறையில் இதற்கு ஒரு பழைய கதையே உண்டு. ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க நிறுவனம், வரப்போகும் பொறியைப் பற்றி முன்கூட்டியே பேசி, இருக்கும் பொறியை விற்க முடியாமல் 1983-இல் நொடித்தது என்று சொல்வார்கள். ஈலாப் இதை அறியாதவராக இருந்திருப்பார் என்று நம்ப என்னால் முடியவில்லை.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டைத் தேர்ந்திருந்தால் சாம்சங்கின் நிழலில் ஒதுங்கியிருப்போம் என்றார் அவர். ஆண்ட்ராய்டை நம்பிய வேறு சில பெரிய பெயர்களும் பின்னால் தேய்ந்ததைப் பார்க்கையில் அது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் நோக்கியா பங்கேற்று வளர்த்த மீகோ என்ற இயங்குதளத்தில் 2011-இல் என்9 என்றொரு பேசி வந்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். அதை அமெரிக்கா முதலிய பெரிய சந்தைகளுக்கு அனுப்பவேயில்லை. குதிக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தபின், மேடையில் எரியாத மூலை ஒன்று இருப்பதைக் காட்டினால் அழகாக இருக்காதல்லவா!

2013 செப்டம்பரில் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள். விலை 544 கோடி யூரோ. அத்துடன் இன்னொரு தொகையும் வெளிவந்தது. விற்பனை முடிந்து மைக்ரோசாப்டுக்கே திரும்பும் ஈலாப் அவர்களுக்கு ஏறத்தாழ 1 கோடியே 88 இலட்சம் யூரோ கிடைக்கும்; அதில் பெரும் பகுதியை மைக்ரோசாப்டே தரும். பின்லாந்தில் பெருங்கூச்சல் எழுந்தது. முந்தைய தலைவர்களின் ஒப்பந்தம் போன்றதே இது என்று முதலில் சொன்ன இயக்குநர் குழுத் தலைவர், பிறகு வேறுபாடு உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

வாங்கியவர்களாவது வாழ்ந்தார்களா என்றால் அதுவுமில்லை. 2015 ஜூலையில் மைக்ரோசாப்ட் இந்தக் கணக்கில் 760 கோடி டாலரை இழப்பாக எழுதித் தள்ளியது. அதற்கு முந்தைய ஆண்டே, நோக்கியாவிலிருந்து வந்தவர்களில் ஏறத்தாழ 12,500 வேலைகளை நீக்குவதாக அறிவித்திருந்தது. வாங்கும் யோசனைக்குத் தாம் எதிராக வாக்களித்ததாக, 2014-இல் மைக்ரோசாப்டின் தலைமையை ஏற்ற சத்ய நாதெள்ளா பின்னாளில் தம் நூலில் எழுதினார்.

இந்தக் கதையில் நம் மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. 2006-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா தொடங்கிய ஆலை, உலகிலேயே பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர். பெண்கள் மிகப் பலர். தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணத்தின் மேல் வருமான வரித்துறை வரி கேட்டது. வழக்கு முற்றிச் சொத்துகள் முடக்கப்பட்டன. ஆகவே 2014 ஏப்ரலில் வேறு ஆலைகள் மைக்ரோசாப்டுக்குப் போனபோது இந்த ஆலை போகவில்லை. சில மாதங்கள் மைக்ரோசாப்டுக்குப் பேசி செய்து கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தமும் முடிய, 2014 நவம்பர் 1-ஆம் நாள் ஆலை மூடப்பட்டது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறியிருந்தார்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஓய்வு! வரி வழக்குக்கு ஈலாப் பொறுப்பல்லர். அதை அவர் தலையில் கட்டுவது முறையாகாது. ஆனால் நல்ல விற்பனையுள்ள நிறுவனமாக இருந்திருந்தால் இந்த ஆலையை இவ்வளவு எளிதாகக் கைவிட்டிருப்பார்களா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. அந்தப் பெண்கள் எவரும் வடகடலையோ எண்ணெய் மேடையையோ பார்த்தவர்களல்லர். குதித்தது அவர்களுந்தான்.

ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்வார்களாயின் ஒன்று சொல்வேன். சென்ற பருவத்தில் ஆய்வகத்தில் நிறமாலைமானியை வைத்து முப்பட்டகத்தின் கோணத்தை அளந்தோம். 60 பாகை வர வேண்டும்; எங்கள் குழுவுக்கு 58 பாகைக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. மறுபடி அளந்தும் அப்படியே. நாங்கள் என்ன செய்தோம்? அளவுகளைத் திருத்தி 60 வரும்படி எழுதிக் கையொப்பம் வாங்கினோம். எங்களுக்குமுன் அந்தக் கருவியில் செய்த குழுவும் அப்படியே செய்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. முப்பட்டகம் வைக்கும் மேடையின் திருகு தேய்ந்து, தொலைநோக்கியைத் திருப்பும்போதெல்லாம் மேடையும் உடன் நகர்ந்திருக்கிறது. பருவம் முழுதும் எல்லார் பதிவேட்டிலும் 60. கேட்டிருந்தால் ஆசிரியர் திட்டியிருப்பாரா? இல்லை. கேட்பதே தவறு என்று நாங்களாகவே எண்ணிக்கொண்டோம். வீட்டில் எல்லாம் தெரிந்தவளாக இருக்க வேண்டியிருப்பதால், தெரியாது என்ற சொல் என் போன்றோர் வாயில் எளிதில் வருவதில்லை. இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய வாரத்தில் திருகு பற்றி ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். கருவியைப் பழுது பார்க்க அனுப்பியிருக்கிறார்கள்.

கைப்பேசியை விற்றபின்னும் நோக்கியா அழியவில்லை. தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்கும் வலையமைப்புகளுக்கும் வேண்டிய கருவிகளைச் செய்து வாழ்கிறது. 2016-இல் அல்காடெல்-லூசென்ட் நிறுவனத்தையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2025 ஏப்ரலில் இன்டெல்லிலிருந்து வந்த ஜஸ்டின் ஹோட்டார்ட் என்பவர் அதன் தலைமையை ஏற்றார். அவர் எங்கே படித்தார், முன்பு எங்கே வேலை பார்த்தார், செயற்கை அறிவைப் பற்றி என்ன சொன்னார் என்றெல்லாம் செய்திகள் வந்தன. தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அங்க தூக்குக்குண்டு யார் கையில இருக்குன்னு போட்டிருக்காம்மா?" என்று கேட்டார். போடவில்லை என்றேன்.