தசை தளர்ந்தால் அச்சம் தளருமா?

உங்கள் வலக்கை விரல்களை இறுக மூடுங்கள். பத்து எண்ணும் வரை அப்படியே இருந்து, பிறகு சட்டென்று விட்டுவிடுங்கள். மூடியிருந்தபோது முன்கையில் ஓர் இழுப்புத் தெரிந்ததல்லவா? விட்டதும் அது மறைந்துவிட்டது. இந்தச் சிறு வேறுபாட்டை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர் எட்மண்ட் ஜேகப்சன் (1888–1983) என்னும் அமெரிக்க மருத்துவர். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே, தசைகளை நன்கு தளர்த்தியிருப்பவர்கள் திடீர்ப் பேரொலிக்கு அவ்வளவாகத் திடுக்கிடுவதில்லை என்று அவர் கண்டார்.

ஏன் அப்படி? வெறிநாய் ஒன்று துரத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, செரிமானம் மந்தமாகிறது, தசைகள் விறைத்து ஆயத்தமாகின்றன. எதிர்த்து நிற்க அல்லது ஓடிவிட உடல் செய்யும் இந்த ஏற்பாட்டை வால்டர் கேனன் 1915இல் விளக்கினார். நாய் போனதும் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் தேர்வு பயத்தையும் வீட்டுக் கடனையும் விட்டு எங்கே ஓடுவது? ஏற்பாடு அரைகுறையாக நீடிக்கிறது. கழுத்து வலி, தலைவலி, தூக்கமின்மை எல்லாம் வரிசையாக வருகின்றன.

இனி, இயற்பியலுக்கு வருவோம். தசை சுருங்குமுன் அதில் மின்துடிப்பு எழுகிறது. ஜேகப்சன் அளக்க விரும்பியதோ மைக்ரோவோல்ட் அளவு. டார்ச் விளக்கு மின்கலத்தின் ஒன்றரை வோல்ட்டைப் பதினைந்து இலட்சம் பங்கு செய்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோவோல்ட்! கல்லூரி ஆய்வகக் கால்வனாமீட்டர் இதற்கு அசைந்துகூடக் கொடுக்காது. பெல் தொலைபேசி ஆய்வகத்தாரின் உதவியோடு, வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகளைக் கொண்டு அவர் அளந்தார். கையைத் தூக்குவதாக ஒருவர் மனத்தில் நினைத்தாலே போதும், அசையாத அந்தக் கையின் தசையில் மின்துடிப்புத் தெரிந்தது. நினைப்பு தசை வரை வருகிறது!

அப்படியானால் தசையின் வழியே நினைப்பை அமைதிப்படுத்தலாமே என்பது அவர் வாதம். கை, கால், வயிறு, கழுத்து, முகம் என ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையை 1929இல் நூலாக வெளியிட்டார். அவருடைய பயிற்சி மாதக்கணக்கில் நீண்டது. தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே அதைச் சுருக்கி, 1958இல் வெளியிட்ட நூலில் வேறொரு பயன் கண்டார். பேருந்து விபத்தில் அகப்பட்டவர் ஒருவர் பேருந்தைக் கண்டாலே நடுங்குகிறார் எனக் கொள்ளுங்கள். தசைகளைத் தளர்த்திய நிலையில் முதலில் காலியான நிறுத்தத்தை மட்டும் நினைக்கச் சொல்வார்கள். நடுக்கமில்லாவிட்டால் அடுத்து, தொலைவில் வரும் பேருந்து. இப்படிப் படிப்படியாக.

துயரம் தசைக்குள்ளேயே சேமித்து வைக்கப்படுகிறது என்று சிலர் சொல்வதுண்டு. சொல்லழகாக இருக்கிறது, ஆனால் நினைவைத் தேக்கி வைப்பது மூளைதான். கொடிய நிகழ்ச்சி ஒன்று மாதம் கடந்தும் கனவிலும் நனவிலும் துரத்துமானால் தளர்த்தும் பயிற்சி மட்டும் போதாது; வீட்டுப் பெரியவரிடம் சொல்லி மனநல மருத்துவரைக் காண வேண்டும். சிலருக்குத் தளரும்போதே படபடப்புக் கூடும். அவர்கள் கண்ணைத் திறந்து நிறுத்திவிடலாம்.

மற்றவர்கள் இன்றிரவு படுக்கையில் செய்து பாருங்கள். ஐந்து விநாடி இறுக்கம், அரை நிமிடம் தளர்வு. வலியோ காயமோ உள்ள இடத்தை விட்டுவிடுங்கள். முகத்துக்கு வரும்போது நாக்கை மறவாதீர்கள். மனத்துக்குள் பேசிக்கொள்ளும்போது நாக்கின் தசையிலும் மின்துடிப்பு எழுவதை ஜேகப்சன் பதிவு செய்திருக்கிறார்.