பல்கலைக்கழகத்தின் அண்டை வீட்டார்

பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடும்போது நாம் என்னென்னவோ விசாரிக்கிறோம். கட்டணம் எவ்வளவு, விடுதி எப்படி, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்றெல்லாம் கேட்கிறோம். அந்தக் கல்லூரியின் மதிலை ஒட்டிக் குடியிருக்கும் மக்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் அந்தக் கேள்வி பல ஆண்டுகளாக எழுந்துகொண்டே இருக்கிறது.

அங்குள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சுருக்கமாக 'பென்' என்பார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தொடங்கிய பழைமையான நிறுவனம் அது. பெரும் பணம் படைத்ததும்கூட. 1872-ல் நகரின் மையப் பகுதியிலிருந்து மேற்கு ஃபிலடெல்ஃபியாவுக்கு இடம் மாறியது. பிற்காலத்தில் அப்பகுதியில் கறுப்பின மக்கள் பெருமளவில் குடியேறினார்கள். அவர்களில் முஸ்லிம் குடும்பங்களும் கணிசமாக உண்டு.

1959-ல் பென்னும் அக்கம்பக்கத்து நிறுவனங்களும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. நகரைப் புதுப்பிக்கிறோம் என்ற பெயரில், அடுத்து வந்த ஆண்டுகளில் 'பிளாக் பாட்டம்' என்ற குடியிருப்பு இடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அங்கே ஆய்வு மையக் கட்டடங்கள் எழுந்தன. 1969-ல் பென் மாணவர்களே இதை எதிர்த்து நிர்வாகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து போராடினார்கள். வீடிழந்த குடும்பங்கள் அதை மறக்கவில்லை.

மாற்றம் ஒரு வகுப்பறையில் தொடங்கியது. 1985-ல் ஐரா ஹார்காவி, லீ பென்சன் ஆகிய ஆசிரியர்கள், பல்கலைக்கழகத் தலைவர் ஷெல்டன் ஹாக்னியுடன் சேர்ந்து, பென்னுக்கும் மேற்கு ஃபிலடெல்ஃபியாவுக்கும் உள்ள உறவையே பாடமாக வைத்தார்கள். அந்த மே மாதம்தான் அதே பகுதியில் ஒரு வீட்டின் மீது காவல்துறை ஹெலிகாப்டரிலிருந்து குண்டு வீசியது. 11 பேர் இறந்தார்கள். 61 வீடுகள் எரிந்தன. அப்பகுதி இளைஞர்களுக்குக் கோடை விடுமுறையில் வேலை தரும் திட்டமொன்றை மாணவர்கள் எழுதியிருந்தார்கள். அது ஏட்டில் நின்றுவிடாமல் நடைமுறைக்கு வந்தது. 1992-ல் இதற்கென ஒரு மையமே அமைந்தது. இன்று அதன் பெயர் நெட்டர் மையம்.

இந்த மையத்தின் முறை எளிமையானது. சமூகப் பணி என்று தனியாக எதையும் வைப்பதில்லை; அண்டைப் பகுதியின் பிரச்சினையே மதிப்பெண்ணுக்குரிய பாடமாகிறது. மானிடவியல் பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜான்ஸ்டன் தம் ஊட்டச்சத்துப் பாடத்தை உள்ளூர் நடுநிலைப் பள்ளியோடு இணைத்தார். பள்ளிப் பிள்ளைகள் வெறுமனே ஆராயப்படுபவர்களாக இருக்கவில்லை. தாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்பதைக் கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து அவர்களும் ஆராய்ந்தார்கள். அந்தப் பணி பிறகு பள்ளித் தோட்டம், பழக்கடை என்று விரிந்தது. இன்னொரு வகுப்பில் மாணவர்கள் முன்வைத்த யோசனை, சேயர் பள்ளியில் மருத்துவ மையமாகவே உருவெடுத்தது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பட்டத்துக்காக எழுதும் கட்டுரை ஒரு தெருவுக்கு மருத்துவரைக் கொண்டுவருகிறது!

எல்லாம் இப்படி நல்லவிதமாக முடிந்துவிடவில்லை. 1996-ல் பென் ஆய்வாளர் ஒருவர் தெருவில் கொல்லப்பட்டார். அப்போது தலைவராக இருந்த ஜூடித் ரோடின் அதே பகுதியில் வளர்ந்தவர். தெருவிளக்கு, ஊழியர்கள் அங்கேயே வீடு வாங்க உதவி, உள்ளூர் வியாபாரிகளிடம் கொள்முதல் என்று அவர் பணிகளை விரைவுபடுத்தினார். 2001-ல் பென்னின் ஆதரவோடு அரசுப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. பள்ளி சிறப்பாக இருந்ததால் அதன் எல்லைக்குள் வீட்டு விலை ஏறியது. 2013 ஜனவரிக் குளிரில் மழலையர் வகுப்பில் இடம் பிடிக்கப் பெற்றோர் பதிவுக்குச் சில நாட்கள் முன்பே வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். ஏற்கெனவே வாடகைக்கு இருந்த ஏழைகளுக்கு அந்தத் தெருவே கைக்கெட்டாததாயிற்று.

இப்போதுள்ள வழக்கு வரி பற்றியது. லாப நோக்கமற்ற நிறுவனம் என்பதால் பென் தன் கல்விக் கட்டடங்களுக்குச் சொத்து வரி கட்டுவதில்லை. ஆனால் நகரத்துப் பள்ளிகள் பெரிதும் நம்பியிருப்பது அந்த வரியைத்தான். 2020-ல் பென் ஆசிரியர்களும் ஊழியர்களுமே, வரிக்கு ஈடான ஒரு தொகையைத் தங்கள் நிறுவனம் செலுத்த வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்திட்டார்கள். அந்த நவம்பரில், பள்ளிகளில் உள்ள ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் போன்ற ஆபத்துகளை அகற்ற 10 ஆண்டுகளில் 10 கோடி டாலர் தருவதாகப் பென் அறிவித்தது. நல்ல தொகைதான். ஆனால் எவ்வளவு, எத்தனை ஆண்டு, எதற்கு என்பதையெல்லாம் கொடுப்பவரே முடிவு செய்கிறார். ஸதகா வேறு, ஜகாத் வேறு என்று அறிந்த நமக்கு, கையெழுத்திட்டவர்களுக்கு ஏன் மனம் நிறையவில்லை என்பது புரியும். அவர்கள் கேட்டது ஆண்டுதோறும் தவறாமல் வர வேண்டிய பங்கை.