சுசன்னா வெஸ்லி

சுசன்னா வெஸ்லி (1669–1742) இங்கிலாந்தைச் சேர்ந்த கிறித்தவக் குடும்பத் தலைவி ஆவார். மெதடிச இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி, பக்திப் பாடலாசிரியர் சார்லஸ் வெஸ்லி ஆகியோரின் தாயார் இவரே.

குடும்பம்

லண்டனில் பிறந்த இவர், 1688 இல் சாமுவேல் வெஸ்லியை மணந்தார். கணவர் எப்வொர்த் ஊரில் ஆங்கிலிக்கன் சபைக் குருவாக இருந்தார். பிறந்த 19 குழந்தைகளில் 9 பேர் சிறு வயதிலேயே இறந்தனர். கடனுக்காகக் கணவர் சிறை சென்றார். 1709 இல் வீடு தீக்கிரையானது.

வீட்டுக் கல்வி

ஐந்து வயது நிறைந்ததும் பிள்ளைகளுக்குத் தாமே எழுத்தறிவித்தார். நன்கு வாசிக்கக் கற்கும்வரை பெண் பிள்ளைகளுக்குத் தையல் வேலை தரக் கூடாது என்பது அவர் வகுத்த விதி.

தரங்கம்பாடித் தொடர்பு

தமிழ்நாட்டின் தரங்கம்பாடிக்கு 1706 இல் வந்த சீகன்பால்கு முதலிய டேனிஷ் மிஷனரிகளின் பணி பற்றிய நூலை, கணவர் லண்டன் சென்றிருந்தபோது வாசித்து மனம் நெகிழ்ந்தார். அதன்பின் ஒவ்வொரு பிள்ளையுடனும் தனியே பேச வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கினார். ஜானுக்குரிய நாள் வியாழன்.

ஞாயிறு மாலைக் குடும்ப வழிபாட்டில் அயலாரும் சேர, கூட்டம் 200 பேரைத் தாண்டியது. பெண் வழிபாடு நடத்துவதற்கு எதிர்ப்பு எழுந்தது. கணவரும் நிறுத்தச் சொல்லி எழுதினார். விருப்பமாகக் கூறாமல் கட்டளையாகவே இடும்படி சுசன்னா பதில் எழுதினார். பின்னாளில் பொதுமக்களிடையே போதிக்கச் சென்ற ஜான், இச்சூழலில் வளர்ந்தவரே.