மராமத்தில் வரிசையே சிக்கனம்

தமிழ்நாட்டு நகரங்களில் 1980-களிலும் 1990-களிலும் எழுந்த கான்கிரீட் கூரை வீடுகள் பல இன்று முப்பது, நாற்பது ஆண்டுகளைக் கடந்து, கூரை ஒழுக்கு, சுவர் ஈரம், கம்பித் துரு, வலுவிழந்த மின்கம்பி ஆகிய குறைகளோடு மராமத்தை எதிர்நோக்கி நிற்கின்றன. மராமத்து என்பது, வீட்டை முழுதும் இடித்துக் கட்டாமல், இருக்கும் கட்டடத்தின் குறைகளை நீக்கி அதன் ஆயுளை நீட்டிக்கும் வேலை. புது வீட்டுக்கு வரைபடத்தை வைத்தே சிமெண்ட், கம்பி, செங்கல் ஆகியவற்றின் அளவை முன்கூட்டிக் கணக்கிட்டுவிடலாம். மராமத்திலோ பூச்சை உடைத்துப் பார்க்கும்வரை உள்ளே என்ன பழுது இருக்கிறது என்பது தெரியாது. அளவு தெரியாத வேலைக்கு, ஓரிடத்தில் நில்லாத விலையில் பொருள் வாங்க வேண்டியிருப்பதால்தான், ஒதுக்கிவைத்த பணம் பாதி வேலையிலேயே கரைந்துவிடுகிறது. சந்தை விலை வீட்டுக்காரரின் கையில் இல்லை; எந்த வேலையை எதற்கு முன் செய்வது என்ற வரிசையும், எவ்வளவு பொருள் வாங்குவது என்ற அளவும் அவர் கையில் இருக்கின்றன. சிக்கனம் என்பது பெரும்பாலும் இவ்விரண்டிலிருந்தே பிறக்கிறது.

விலை ஏறும் விதம்

கட்டுமானப் பொருள்கள் எல்லாம் ஒரே காரணத்தால் விலை ஏறுவதில்லை. ஆற்றுமணல் அரிதானபின் அதன் இடத்தைப் பிடித்திருக்கும் எம்-சாண்ட், கருங்கல்லை உடைத்து அரைத்துச் செய்யப்படும் மணல் ஆகையால், கல்குவாரி தொடர்பான வரிகளும் டீசல் விலையும் லாரி வாடகையும் அதன் விலையில் நேரடியாக வந்து சேர்கின்றன. கனிம வளமுள்ள நிலங்களுக்குத் தமிழ்நாடு அரசு விதித்த வரி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது ஜல்லியும் எம்-சாண்டும் உடனே விலை உயர்ந்தது இதற்குச் சான்று. இரும்புக் கம்பி உலகச் சந்தையோடு ஏறி இறங்குவது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் அதன் விலை எகிறியது. அவ்வாண்டு மே மாதத்தில் ஒன்றிய அரசு எஃகுப் பொருள்கள் சிலவற்றுக்கு ஏற்றுமதி வரி விதித்த பின்னர் விலை இறங்கத் தொடங்கியது. மின்கம்பியின் உயிரான செம்பு, 2024 மே மாதத்தில் லண்டன் உலோகச் சந்தையில் டன்னுக்கு 11,000 டாலரைத் தொட்டது. பி.வி.சி. குழாயும் பெயிண்டும் பெட்ரோலியத்திலிருந்து வரும் மூலப்பொருள்களை நம்பியிருப்பதால் கச்சா எண்ணெயின் ஏற்ற இறக்கம் அவற்றிலும் எதிரொலிக்கிறது.

விலை இறங்கும் வாய்ப்பும் உண்டு. சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முந்தைய விலை மூட்டைக்கு 300 ரூபாய் என்று கொண்டால், இக்குறைப்பால் மூட்டைக்கு 30 ரூபாய் மிச்சமாகும். நாற்பது மூட்டை பிடிக்கும் மராமத்தில் அது 1,200 ரூபாய். ஈரம் போகாத ஒரு சுவருக்கு இரண்டாம் முறை பட்டி பார்த்து வர்ணம் பூச நேர்ந்தால் இந்தத் தொகை பெயிண்டரின் ஒரு நாள் கூலியிலேயே போய்விடும். விலையைத் துரத்துவதைவிட, செய்த வேலையைத் திரும்பச் செய்ய நேராமல் பார்த்துக்கொள்வது லாபம் என்பதை இந்தச் சிறு கணக்கு காட்டுகிறது.

இன்னும் ஏறும் என்ற அச்சத்தில் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கிக் குவிப்பதும் சரியன்று. சிமெண்ட் காற்றின் ஈரத்தை ஈர்த்து வலுவிழப்பது. மூன்று மாதம் கிடப்பில் இருந்தால் அதன் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பது கட்டுமானத் துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. மின்கம்பி, தரை டைல்ஸ், குழாய் வகைகள் ஆகியவை கெடாதவை என்பதால், அளவு உறுதியானபின் அவற்றை விலை சாதகமாக இருக்கும்போது வாங்கி வைக்கலாம்.

நீர் வரும் வழியை அடைத்தல்

பழைய வீட்டின் பெரும்பாலான குறைகளுக்கு வேர் நீர்தான். மொட்டைமாடியில் கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, அதன்மேல் தட்டோடு பதிக்கும் அடுக்கைத் தளம் போடுதல் என்பர்; வெயிலையும் மழையையும் கான்கிரீட்டுக்கு எட்டாமல் தடுப்பதும், மழைநீர் தேங்காமல் குழாய் வாயை நோக்கி ஓடும்படி வாட்டம், அதாவது சரிவு, கொடுப்பதும் இந்த அடுக்கின் பணி. தட்டோடுகளின் இடைவெளி பிளந்தாலும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில் விரிசல் விழுந்தாலும், நீர் உள்ளே இறங்கி, விழுந்த இடத்துக்கு வெகுதூரம் தள்ளி அறையின் கூரையில் கறையாகத் தெரியும். கறை தெரிந்த இடத்தில் உள்ளிருந்து பூசி மறைப்பது அடுத்த ஐப்பசி மழைவரைகூடத் தாங்காது.

இறங்கிய நீர் கம்பியை அடைந்தால் செலவு பன்மடங்காகிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை அதனுள் இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல ஊடுருவி அந்தக் காரத்தன்மையைக் குறைக்க, ஈரமும் சேர்ந்துகொள்ளும்போது கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்து நெம்பிப் பெயர்த்துவிடுகிறது. சன்ஷேடின் அடியிலும் குளியலறைக் கூரையிலும் காரை உதிர்ந்து கம்பி வெளியே தெரிவது இதனால்தான். அந்த இடத்தில் வெறும் சிமெண்டை அப்பி மூடினால் துரு உள்ளே வளர்ந்துகொண்டேயிருக்கும். தளர்ந்த கான்கிரீட்டை முழுவதும் கொத்தியெடுத்து, கம்பியைத் துரு நீங்கத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்புவதே முறை. பழுது தூணிலோ உத்தரத்திலோ இருந்தால் அதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் மேஸ்திரி கைவைக்கலாகாது. வீட்டின் எடையைத் தாங்கும் ஒன்பது அங்குலச் சுவரை, கூடத்தை அகலமாக்கும் எண்ணத்தில் இடிப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சுவருக்குள் போவதும் சுவர்மேல் வருவதும்

பணம் போதாதபோது பலரும் வீட்டை அறை அறையாகப் பிரித்துக்கொண்டு, இந்த ஆண்டு கூடம், அடுத்த ஆண்டு அடுக்களை என்று திட்டமிடுகின்றனர். பார்வைக்கு இது எளிதாகத் தோன்றினாலும், மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் அறைகளைத் தாண்டி ஓடுபவை ஆகையால், இரண்டாம் ஆண்டில் முதலாண்டுச் சுவரையே மறுபடி வெட்ட வேண்டிவரும். வேலையை அறைவாரியாகப் பிரிப்பதைவிட, சுவருக்குள் போவது, சுவர்மேல் வருவது என்று இரண்டாகப் பிரிப்பது நல்லது. குழாய், மின்கம்பி, நீர்த்தடுப்பு, விரிசல் சீரமைப்பு, பூச்சு ஆகியவை முதல் வகை. இவற்றை வீடு முழுவதற்கும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். தரை, வர்ணம், மர அலமாரி, விளக்கு ஆகியவை இரண்டாம் வகை. இவற்றைப் பணம் வர வர அறை அறையாகச் செய்துகொள்ளலாம்.

முதல் வகையில் மின்கம்பியின் கனத்தைக் குறைத்து மிச்சம் பிடிப்பது ஆபத்தானது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் 1.5 சதுர மி.மீ., பிளக் பாயிண்டுகளுக்கு 2.5 சதுர மி.மீ., ஏ.சி., வாட்டர் ஹீட்டர் போன்றவற்றுக்கு 4 சதுர மி.மீ. கம்பி என்பது வழக்கமான அளவு. மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டித்து உயிரைக் காக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி, வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவில் போதுமானது. பழைய வீடுகள் பலவற்றில் அது கிடையாது. குழாய்களை மூடிப் பூசுமுன் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பதும், குளியலறைத் தரையில் நீர்த்தடுப்புச் செய்தபின் ஒரு நாளாவது தண்ணீர் நிறுத்திப் பார்ப்பதும் செலவில்லாத வேலைகள். தவிர்த்தால், பதித்த டைல்ஸை உடைத்துத்தான் கசிவைத் தேட நேரும்.

அளவுக் கணக்கு

நூறு சதுர அடிச் சுவரை 1:5 கலவையில், அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் என்ற விகிதத்தில், 12 மி.மீ. கனத்தில் பூசுவதற்குச் சேதாரம் உட்பட ஏறத்தாழ 40 கிலோ சிமெண்டும் 5 கன அடி மணலும் பிடிக்கும். சுவர் கோணலாக இருந்து பூச்சு 20 மி.மீ. கனத்துக்குப் போனால் இரண்டுமே மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். எந்தப் பொருளின் விலையும் ஒரே நாளில் இவ்வளவு உயர்வதில்லை. பழைய பூச்சை முழுவதும் பெயர்க்காமல், தட்டிப் பார்த்துப் பொத்தென்று ஒலிக்கும் பகுதிகளை மட்டும் எடுத்துப் பூசுவது இந்த வகையில் கணிசமான மிச்சம்.

தரைக் கணக்கில் நேரும் பிழை வேறு வகையானது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் பரப்பு 120 சதுர அடி. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் நான்கு கொண்ட பெட்டி 16 சதுர அடி என்று வகுத்து எட்டுப் பெட்டி வாங்குவோர் உண்டு. அந்த டைல்ஸின் உண்மையான அளவு 600 மி.மீ. என்பதால் ஒரு பெட்டி 15.5 சதுர அடிதான் வரும்; சுவரோரம் நான்கு அங்குல உயரத்துக்குப் பதிக்கும் ஸ்கர்ட்டிங் ஏறத்தாழ 14 சதுர அடியையும், வெட்டிலும் உடைவிலும் போகும் சேதாரம் பத்து விழுக்காட்டையும் கேட்பதால் தேவை பத்துப் பெட்டியாகிறது. குறைந்த இரண்டு பெட்டியைப் பின்னர் வாங்கப்போனால் அதே பேட்ச் கிடைக்காமல் நிறம் மாறிப்போகலாம்.

ஒப்பந்தமும் பணமும்

கூலி மட்டும் பேசிக்கொண்டு பொருளை வீட்டுக்காரரே வாங்கித் தருவது லேபர் கான்ட்ராக்ட். பொருளும் கூலியும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசுவது இரண்டாம் முறை. முன்னதில் விலையேற்றம் வீட்டுக்காரர் தலையில் விழும். ஆனால் தரம் அவர் கண்முன் இருக்கும். பின்னதில் தொகை உறுதியாக இருக்கும். ஆனால் விலை ஏறும்போது கலவையில் சிமெண்டைக் குறைக்கும் சபலம் ஒப்பந்தக்காரருக்கு எழக்கூடும். எந்த முறையானாலும் கலவை விகிதம், பொருளின் பிராண்ட், வர்ணத்தில் எத்தனை கோட், அளவெடுக்கும்போது கதவு, ஜன்னல் திறப்புகள் கழிக்கப்படுமா, இடிபாடுகளை அகற்றும் செலவு யாருடையது, கொட்டேஷனில் உள்ள விலை எந்தத் தேதிவரை செல்லும் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். பணத்தை நாள்கணக்கில் கொடுப்பதைவிட, பூச்சு முடிந்தால் இவ்வளவு, தரை முடிந்தால் இவ்வளவு என்று வேலையின் கட்டங்களோடு பிணைப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

மொத்த மதிப்பீட்டில் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டைத் தொடாமல் ஒதுக்கிவைப்பது, சுவரை உடைத்தபின் வெளிப்படும் பழுதுகளுக்கான முன்னேற்பாடு. கடன் வாங்கிச் செய்வோரில் பழைய வருமான வரிமுறையைத் தேர்ந்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடனுக்கான வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய்வரை கழிவு பெறலாம். புதிய அறையோ மாடியோ சேர்ப்பது மராமத்தின் எல்லையைத் தாண்டுவது. அதற்கு உள்ளாட்சி அமைப்பின் கட்டட அனுமதி வேண்டும்.

காலமும் கழிக்கத் தகாதவையும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெய்வதால், மொட்டைமாடி வேலையைத் தை முதல் வைகாசிக்குள் முடிப்பது தமிழ்நாட்டுக்கு ஏற்றது. கோடையில் கலவை விரைவாக உலர்ந்து வெடிக்கும் என்பதால் நீராற்றுதல், அதாவது புதுப்பூச்சையும் கான்கிரீட்டையும் ஈரம் காயாமல் வைத்திருத்தல், இன்றியமையாதது. சாதாரண சிமெண்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த பி.பி.சி. வகைக்குக் குறைந்தது 10 நாளும் இந்திய தர நிர்ணயம் வேண்டுவது. தண்ணீரைத் தவிர வேறு செலவில்லாத இந்தப் பணியே விலை கொடுத்து வாங்கிய சிமெண்டின் வலுவை முழுமையாக வெளிக்கொணர்கிறது.

பழையதெல்லாம் கழிக்கத் தக்கதன்று. முப்பது ஆண்டு கடந்த தேக்குக் கதவும் நிலையும் தேய்த்து மெருகிட்டால் புது மரத்துக்குச் சளைக்காதவை. மொசைக் தரையைப் பெயர்க்காமல் மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டால் புது டைல்ஸின் விலை, கூலி, இடிபாடு அகற்றும் செலவு மூன்றுமே மிச்சம்.

நல்ல மராமத்தில் பணத்தின் பெரும்பகுதி பூச்சுக்கு அடியில் மறைந்துவிடுவதால், செலவுக்கு ஈடாக வீடு மாறவில்லையே என்று உற்றார் சொல்லக்கூடும். மறைந்ததற்குக் கணக்கு இருக்க வேண்டுமானால், குழாயும் கம்பியும் ஓடும் வழியைப் பூச்சு மூடுமுன் ஒவ்வொரு சுவரிலும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, பில்களோடு சேர்த்து வைத்துக்கொள்வது போதும். பின்னொரு நாள் சுவரில் ஆணி அடிக்க நேரும்போதும், குழாயில் கசிவு காணும்போதும், எங்கே உடைக்க வேண்டும், எங்கே கைவைக்கக் கூடாது என்பதை அந்தப் படங்களே சொல்லிவிடும்.