குழாய் பதிக்கும் முன் போடும் கணக்கு

ஊரில் பாலமோ பாதாளச் சாக்கடையோ வந்தால், டெண்டர் எடுத்த ஒப்பந்ததாரரின் பெயர்தான் மக்களுக்குத் தெரியும். பள்ளம் தோண்டுவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுபவர்கள் திட்ட ஆலோசகர்கள். அவர்கள் என்னதான் செய்கிறார்கள்? சென்னையின் ஆலந்தூர் நல்ல உதாரணம்.

1990களில் ஆலந்தூர் தனி நகராட்சி. வீடுகளில் செப்டிக் டேங்க்; நிரம்பினால் லாரியைக் கூப்பிட வேண்டும். பாதாளச் சாக்கடை அமைக்கச் சுமார் 34 கோடி ரூபாய் தேவைப்பட்டது. நகராட்சி வருமானத்தில் அது கட்டுப்படியாகாது.

முதல் வேலை பொறியியல் சார்ந்தது. எந்தத் தெருவில் எவ்வளவு சரிவு வேண்டும், கழிவுநீரை எங்கே பம்ப் செய்வது என்பதெல்லாம் விரிவான திட்ட அறிக்கையில் வரும்.

அடுத்தது நிதி. 1996-ல் உருவான தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் கடன் கொடுத்தது. அதை நிர்வகித்த நிறுவனம் திட்டத்தை வடிவமைக்கவும் வழிகாட்டியது. பணம் கட்டத் தயாரா என்று மக்களிடமே கேட்டு, வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை வசூலிக்கப்பட்டது.

மூன்றாவது, ஒப்பந்தம். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் சொந்த முதலில் கட்டி, சில ஆண்டுகள் நடத்தி, நகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். சுத்திகரிக்கும் கழிவுநீரின் அளவுக்கேற்பக் கட்டணம். ஆனால் வீடுகள் இணைப்பு வாங்கத் தாமதமானால் கழிவுநீர் எங்கிருந்து வரும்? முதலீட்டாளர் தயங்குவது இங்கேதான். அதனால் குறைந்தபட்ச அளவுக்கு நகராட்சி உத்தரவாதம் தந்தது. இழப்பு வந்தால் யார் தலையில் விழும் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் இந்த ஆலோசனையின் சாரம்.

ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல். குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை என்றால், மண் பரிசோதனையிலும் கள ஆய்விலும்தான் முதலில் கை வைப்பார்கள். அந்தக் குறை, வேலை நடக்கும்போது கூடுதல் செலவாகத் தலைகாட்டும். ஆகவே மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள், ஆலோசகர் தேர்வில் தரத்துக்கு 80 சதவீதம் வரை மதிப்பு தர அனுமதிக்கின்றன.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. திட்டம் நிறைவேறினால் லாபம் அடையப்போகிறவரே வருமானக் கணிப்பையும் தயாரித்தால், எண்கள் வீங்கத்தான் செய்யும். உங்கள் ஊருக்குத் திட்ட அறிக்கை வந்தால், மொத்தச் செலவை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்று கணித்திருக்கிறார்கள், அது பொய்த்தால் யார் பணம் கட்டுவது என்று கேளுங்கள்.