இன்சுலின் ஊசிமருந்து: முற்காப்புகளும் பக்கவிளைவுகளும்

இன்சுலின் என்பது சதையியிலுள்ள இலங்கர்கான் சிறுதீவுகளில் சுரக்கும் ஓமோன் ஆகும். குருதியிலுள்ள குளுக்கோசு கலங்களுக்குள் செல்வதற்கு இது உதவுகின்றது. இது சுரக்காதபோது அல்லது போதிய அளவு தொழிற்படாதபோது நீரிழிவு (சலரோகம்) ஏற்படுகின்றது.

1921 இல் கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் பான்டிங், சார்ள்ஸ் பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது.

ஏன் ஊசியாக ஏற்றப்படுகின்றது?
இன்சுலின் ஒரு புரதம். வாயால் உட்கொண்டால் உணவிலுள்ள புரதத்தைப் போலவே சமிபாடடைந்துவிடும். எனவே தோலுக்குக் கீழுள்ள கொழுப்பிழையத்தில் ஏற்றப்படுகின்றது.

பிரதான பக்கவிளைவு: குருதியில் வெல்லம் குறைதல்
குருதியில் குளுக்கோசு குறையும்போது சதையி தனது சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் ஊசியால் ஏற்றிய இன்சுலின் அவ்வாறு நின்றுவிடாது. ஊசி போட்டபின் உணவைத் தவிர்த்தாலோ, கடுமையாக வேலை செய்தாலோ, அளவு கூடினாலோ குளுக்கோசு 70 மில்லிகிராம்/டெசிலீற்றரிலும் குறையலாம்.

அறிகுறிகள்: வியர்வை, கைநடுக்கம், பசி, படபடப்பு, தடுமாற்றம். கவனியாதுவிடின் வலிப்பு, மயக்கம், மரணம் ஏற்படலாம்.

ஏனைய பக்கவிளைவுகள்: ஊசி போட்ட இடம் சிவத்தல், ஒரே இடத்தில் தொடர்ந்து போடுவதால் கட்டி உண்டாதல், உடல் நிறை கூடுதல்.

முற்காப்புகள்
1. வைத்தியர் கூறிய அளவையும் நேரத்தையும் தாமாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது.
2. போத்தலிலும் சிரிஞ்சிலும் உள்ள அலகு ஒன்றாக இருத்தல் வேண்டும். 100 அலகுப் போத்தலிலிருந்து 40 அலகுச் சிரிஞ்சில் 40 ஆம் கோடு வரை எடுத்தால் உடலினுள் செல்வது 100 அலகு. அதாவது இரண்டரை மடங்கு.
3. வயிறு, தொடை எனப் போடும் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.
4. திறக்காத போத்தலை 2 – 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். உறைந்த மருந்தைப் பாவிக்கக் கூடாது.
5. ஒருவரின் ஊசியை மற்றவர் பாவிக்கக் கூடாது. ஈரல் அழற்சி பி, எச்.ஐ.வி. என்பன தொற்றலாம்.
6. பாவித்த ஊசியைத் தடித்த, மூடியுள்ள பிளாஸ்ரிக் போத்தலில் இட வேண்டும்.

மாதிரி வினா
காலையில் இன்சுலின் ஏற்றிய அம்மம்மா, விரதம் என்று உண்ணாமல் கோயிலுக்குச் சென்றார். அங்கே அவருக்கு வியர்த்து, கை நடுங்கியது.
(அ) இந்நிலை யாது?
(ஆ) காரணம் யாது?
(இ) நீர் செய்ய வேண்டியது யாது?

விடை
(அ) குருதியில் வெல்லம் குறைதல்.
(ஆ) ஏற்றிய இன்சுலினுக்கு ஏற்ற உணவு உட்கொள்ளப்படாமை.
(இ) அமரச் செய்து, 3 தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுத்தல். 15 நிமிடத்தில் குணமாகாவிடின் மீண்டும் கொடுத்தல். தெளிந்ததும் உணவு கொடுத்தல். மயங்கியிருப்பின் வாயில் எதுவும் ஊற்றாது, ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, 1990 அம்புலன்ஸ் சேவையை உடன் அழைத்தல்.

கவனிக்க: “சலரோகக்காரருக்குச் சீனி கொடுக்கலாமா?” என்று பல மாணவர்கள் தயங்கி, (இ) பகுதியைத் தவறாக எழுதுகின்றனர். பரிசோதிக்கும் கருவி இல்லாவிடினும் இவ்வறிகுறிகளுக்குச் சீனி கொடுக்கவே வேண்டும். வெல்லம் சற்றுக் கூடினால் பின்னர் குறைக்கலாம். குறைந்த வெல்லத்தைக் கவனியாது தாமதித்தால் உயிரே போகலாம். இது புள்ளிக்காக மட்டும் படிக்கும் விடயம் அன்று. வீட்டில் இன்சுலின் ஏற்றுபவர் இருப்பின் இன்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.